ஒரு டோபார், ஒரு விபத்து, நான்கு பதில்கள்: ஒரு கிளெய்ம் கோப்பின் ஆய்வு

பிரிட்டனில் காருக்கு டோபார் (ட்ரெய்லர் போன்றவற்றை இழுக்கக் காரின் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டகம்) போட்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லணுமா? சொன்னா பிரீமியம் ஏறிடுமா?" சொல்ல வேண்டும். பல கம்பெனிகளில் அதற்காக ஒரு பென்னி கூட ஏறாது. ஆனால் இந்த ஒரு கேள்வியிலேயே கவலை முழுவதையும் செலவழித்துவிட்டு, டோபாரின் நுனியில் ட்ரெய்லரின் கொக்கி கவ்வும் பந்துக்குப் பின்னால் என்ன மாட்டுகிறோம், அதற்கு யார் பொறுப்பு என்பதை யாரும் கேட்பதில்லை. பணம் போவது அங்கேதான்.

கீழே வரும் கோப்பு, மோட்டார் கிளெய்ம் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக நான் தொகுத்தது. ஆளும் தொகைகளும் கற்பனை. சட்டமும் எடைக் கணக்கும் பாலிசி வாசகங்களின் போக்கும் நிஜம்.

நடந்தது

வாடிக்கையாளர் லெஸ்டரில் வசிப்பவர். கார் 2018 மாடல் டீசல் எஸ்டேட் (டிக்கி நீண்ட வகை), செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விலை ஒப்பீட்டுத் தளம் ஒன்றின் மூலம் சொந்தக் காரின் சேதத்தையும் ஏற்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுத்தார். "காரில் ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டுள்ளதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்றார். அன்றைக்கு அது உண்மை. நான்கு மாதம் கழித்து, வீட்டு வாசலுக்கே வந்து வேலை செய்து தரும் ஃபிட்டர் ஒருவரைக் கூப்பிட்டு, கழற்றி மாட்டும் வகை டோபார் போட்டுக்கொண்டார். முதலில் அது பிள்ளைகளின் சைக்கிள்களை ஏற்றும் ரேக்குக்காக. பிறகு பிரேக் இல்லாத சின்ன ட்ரெய்லர் ஒன்றும் வந்து சேர்ந்தது.

வருட முடிவில் கம்பெனி புதுப்பித்தல் கடிதம் அனுப்பியது. இரண்டாம் பக்கத்தில் "வாகன மாற்றங்கள்: எதுவும் இல்லை" என்று ஒரு வரி, அதன் கீழே, விவரங்களைச் சரிபார்த்துத் தவறிருந்தால் தெரிவிக்கும்படி இன்னொரு வரி. அவர் விலையை மட்டும் பார்த்தார். பாலிசி தானாகவே புதுப்பிக்கப்பட்டது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனர் ஷெஃபீல்டிலிருந்து வீடு மாறுகிறார். சாமான் ஏற்றியாயிற்று. ட்ரெய்லரோடு மோட்டார்வே வேண்டாம் என்று டெர்பிஷயர் வழியாக, மோட்டார்வேக்கு அடுத்த படியான ஏ சாலையைப் பிடித்தார். மழை. நீண்ட இறக்கம் ஒன்றில் ட்ரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கியது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தார், ஆட்டம் கூடியது. ட்ரெய்லரின் மூலை அவருடைய காரின் பம்பரையும் டிக்கிக் கதவையும் இடித்தது. அடுத்த வீச்சில் நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே வந்த காரின் ஓட்டுநர் பக்கக் கதவுகளைக் கிழித்துக்கொண்டு போனது. பிறகு கொக்கி பந்திலிருந்து கழன்று, சங்கிலி அறுந்து, ட்ரெய்லர் தனியாக உருண்டு ஒரு பண்ணையின் கற்சுவரில் மோதி நின்றது. யாருக்கும் பெரிய காயம் இல்லை.

கிளெய்ம் நான்கு: எதிரே வந்த கார், பண்ணைச் சுவர், அவருடைய சொந்தக் கார், ட்ரெய்லரும் சாமானும்.

டோபாரைச் சொல்லாத குற்றம்

புதிதாக வருகிறவர்கள் கோப்பைத் திறந்ததும் பாய்வது இங்கேதான். "மாற்றம் இல்லை என்று சொல்லியிருக்கிறார், டோபார் இருக்கிறது, கிளெய்மை நிராகரித்துவிடலாம்." 1906-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் எல்லா இன்சூரன்ஸுக்கும் அளவுகோலாக இருந்த காலத்தில் இந்த வாதம் எடுபட்டிருக்கும். கம்பெனி கேட்காவிட்டாலும், அதற்கு முக்கியமானதை எல்லாம் வாடிக்கையாளர் தானே முன்வந்து சொல்ல வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. தனிநபர் பாலிசிகளைப் பொறுத்தவரை அந்தச் சுமை 2013 ஏப்ரல் 6 முதல் இறங்கிவிட்டது. 2012-இல் இயற்றிய நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு தவறில்லாமல் பதில் சொன்னால் போதும்.

அப்படியானால் இவர் தப்பிவிட்டாரா? பாலிசி எடுத்தபோது சொன்ன பதில் உண்மை. அதில் பிடி இல்லை. நடுவில் டோபார் போட்டதைத் தெரிவிக்காதது பாலிசியின் "மாற்றங்களை அறிவியுங்கள்" நிபந்தனைக்குள் வரும். ஆனால் புதுப்பித்தல் கடிதம் வேறு சங்கதி. முன்பு கொடுத்த விவரங்களை உறுதிசெய்யவோ திருத்தவோ கேட்டும் செய்யாமல் இருப்பதும் தவறான தகவல் கொடுத்ததாகக் கருதப்படலாம் என்று அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பேசாமல் இருந்ததே பதிலாகிவிடுகிறது. தானியங்கிப் புதுப்பித்தலை நம்பி இருக்கிறவர்கள் இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, தவறு உண்டு. வேண்டுமென்றோ, உண்மையா பொய்யா என்று கவலைப்படாமலோ செய்தது என்று கம்பெனி நிரூபிக்காத வரை அது கவனக்குறைவு. கவனக்குறைவுக்கு என்ன தண்டனை என்பது, உண்மை தெரிந்திருந்தால் கம்பெனி என்ன செய்திருக்கும் என்பதைப் பொறுத்தது. பாலிசியே கொடுத்திருக்காது என்றால் கிளெய்மை மறுக்கலாம். பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கூடுதல் பிரீமியம் வாங்கியிருக்கும் என்றால் கிளெய்ம் அந்த விகிதத்தில் குறையும்: வாங்கியது 620 பவுண்ட், வாங்க வேண்டியது 775 என்றால், 4,300 பவுண்ட் ரிப்பேருக்கு 80 சதவீதம், அதாவது 3,440 கிடைக்கும். ஒன்றுமே மாறியிருக்காது என்றால்? தவறு நடந்ததே தவிர, அதற்குச் சட்டத்தில் பரிகாரம் கிடையாது.

யாருக்கு, என்ன விலைக்குப் பாலிசி கொடுப்பது என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டிங் பிரிவிடம் கேட்டதில் ஒரே வரியில் பதில் வந்தது: முறையான அனுமதி எண் உள்ள டோபாருக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, ஏற்பதற்குத் தடையும் இல்லை. அத்தோடு அந்த வாதம் முடிந்தது. பக்கம் பக்கமாக எழுதத் தயாராக இருந்த, பயிற்சி பெறுகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாற்றமடைவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாக் கம்பெனியும் இப்படி இருக்காது. எந்த மாற்றத்தையும் ஏற்காத பாலிசிகளும் சந்தையில் உண்டு, கட்டணம் கூட்டுகிறவையும் உண்டு. காசில்லாத ஒரு போன் காலைத் தவிர்ப்பதற்கு நியாயமே இல்லை என்பது என் எண்ணம். காரை லீஸிலோ தவணை ஒப்பந்தத்திலோ எடுத்திருந்தால் இன்னொரு போன் காலும் வேண்டும், ஃபைனான்ஸ் கம்பெனிக்கு, கார் அவர்களுடையது.

இன்ஜினியர் குனிந்து பார்த்தவை

கம்பெனியின் இன்ஜினியர் முதலில் தேடியது டோபாரில் ஒட்டியிருக்கும் சின்ன உலோகத் தகட்டை. பிரிட்டனில் 1998 ஆகஸ்ட் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதன்முதலாக ஓடத் தொடங்கிய காருக்கு, அந்த மாடலுக்கென்று சோதித்து அனுமதி பெற்ற டோபாரைத்தான் போட வேண்டும். சேறைத் துடைத்ததும் எண் தெரிந்தது. கூடவே இரண்டு மதிப்புகள்: பந்தின் மேல் எத்தனை கிலோ அழுத்தலாம் என்று காட்டும் எஸ் மதிப்பு, இழுவிசையைத் தாங்கும் திறனைக் காட்டும் டி மதிப்பு. தகட்டில் டி 8.8 கிலோநியூட்டன் என்றிருந்தது.

டி கணக்கை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். காரின் உச்ச எடையையும் ட்ரெய்லரின் எடையையும் டன்னில் எடுத்து, பெருக்கியதைக் கூட்டியதால் வகுத்து, 9.81-ஆல் பெருக்க வேண்டும். கார் 2.05 டன், ட்ரெய்லர் 0.78 டன் என்றால் சுமார் 5.5 வருகிறது. 8.8 தாங்குகிற டோபாருக்கு இது சாதாரணம். போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன, காரின் அடிச்சட்டகத்தில் விரிசல் இல்லை. எல்லாரும் குற்றவாளி என்று நினைத்த டோபார் நிரபராதி.

வயரிங் அப்படி இல்லை. இந்தக் காரைச் சறுக்காமல் நிலைப்படுத்தும் இஎஸ்பி அமைப்புக்குள் ட்ரெய்லர் ஆட்டத்தை அடக்கும் வசதி தொழிற்சாலையிலிருந்தே இருக்கிறது. ஆட்டத்தை உணர்ந்ததும் சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து, எஞ்சின் விசையையும் குறைக்கும். ஆனால் பின்னால் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். ஃபிட்டர் போட்டிருந்தது எல்லாக் காருக்கும் பொதுவான பைபாஸ் ரிலே, காரின் கம்ப்யூட்டரைத் தொடாமல் ட்ரெய்லர் விளக்குகளை எரியவைப்பது. இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் எரியும். கார் மட்டும் தான் தனியாகப் போவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். காருக்கென்றே வரும் வயரிங் கிட்டைப் போட்டு, அதைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தும் கோடிங்கும் செய்திருந்தால் நூறோ இருநூறோ பவுண்ட் கூடியிருக்கும். ஃபிட்டரின் பில்லில் "டோபார், எலக்ட்ரிக்ஸ்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பாகத்தின் எண், அனுமதி எண், எந்த வகை வயரிங், கோடிங் செய்தாரா என்று நான்கு விவரங்களும் பில்லில் இருந்தால் பிற்காலத்தில் எத்தனையோ வாதங்கள் மிச்சமாகும்.

இது சட்ட மீறல் அல்ல. பைபாஸ் ரிலே போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. டோபாரைத் தானே மாட்டிக்கொள்வதைக்கூடத் தடுக்கவில்லை. எனவே கிளெய்மைக் குறைக்க இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. விபத்து ஏன் நடந்தது என்பதற்கான விடையில் மட்டும் இதற்கு இடம் உண்டு.

விடையின் பெரிய பகுதி ஒரு போட்டோவில் இருந்தது. புறப்படும் முன் மைத்துனரின் மனைவி போனில் எடுத்தது. ட்ரெய்லரின் முன்பக்கம் தலையணை மூட்டைகள், நடுவில் மேசை, ஆகக் கடைசியில், அச்சுக்குப் பின்னால், பின்கதவை ஒட்டி ஒரு பெரிய ஃப்ரீசர். போனதும் முதலில் இறக்க வேண்டியது என்பதால் கடைசியில் ஏற்றியிருக்கிறார்கள். வீடு மாற்றும் புத்திக்கு அது சரி, ட்ரெய்லருக்குத் தலைகீழ். ட்ரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம் பந்தின் மேல் அழுந்த வேண்டும் என்பது காரவான் (காரின் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு) வைத்திருப்பவர்கள் வழிவழியாகச் சொல்வது. இங்கே அது 39 முதல் 55 கிலோ. ஃப்ரீசர் பின்னால் அழுத்த, மூக்கு மேலே தூக்கியிருக்கும். அப்படிப்பட்ட ட்ரெய்லர் இறக்கத்தில் ஆடாமல் வந்தால்தான் ஆச்சரியம்.

பிறகு எடை. சிதறிய சாமானையும் சேர்த்து எடைமேடையில் நிறுத்தியபோது 780 கிலோ. பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சம் 750 கிலோ அல்லது காரின் கெர்ப் எடையில் (ஆளும் சாமானும் இல்லாத காரின் எடை) பாதி, இரண்டில் எது குறைவோ அது. கார் 1,480 கிலோ, பாதி 740. காரின் கையேடு அதையும் விடக் குறைத்து, பிரேக் இல்லாமல் 690 என்கிறது. ட்ரெய்லரின் தகடு 750. எந்த வரம்பை எடுத்தாலும் தாண்டியிருக்கிறார். இழுத்துக்கொண்டு போகும்போது, இரு திசைக்கும் நடுவே தடுப்பில்லாத ஒற்றைச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 50 மைல். தாமே 55-இல் வந்ததாக வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

லைசென்ஸில் சிக்கல் இல்லை. 2021 டிசம்பர் 16 முதல் சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தனித் தேர்வு இல்லாமலே 3,500 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம். தேர்வு போனது, ட்ரெய்லரைப் பற்றி யாராவது உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கும் ஒரே சந்தர்ப்பமும் பலருக்கு அத்தோடு போனது.

எதிரே வந்த கார், பண்ணைச் சுவர்

மூன்றாம் தரப்பினரின் இழப்பு இரண்டும் முழுதாகக் கொடுக்கப்பட்டது. 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயப்படுத்துவது இந்தப் பொறுப்பைத்தான். வண்டியின் நிலை, அது சுமக்கும் பொருளின் எடை போன்றவற்றை வைத்துப் பாலிசியில் எழுதப்படும் கட்டுப்பாடுகள் பாதிக்கப்பட்ட மூன்றாம் ஆளிடம் செல்லாது என்று 148-ஆம் பிரிவு சொல்கிறது. தகவல் தவறு என்று விபத்துக்குப் பிறகு கோர்ட்டுக்குப் போய் பாலிசியை ரத்து செய்து, அதைக் காட்டி மூன்றாம் ஆளைக் கைவிடும் வழியும் 2019 நவம்பர் 1 முதல் மூடப்பட்டுவிட்டது.

சுவரைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் ஒரு சுவையான வாக்குவாதம் நடக்கும். பாலிசி "காருடன் இணைந்திருக்கும்போது" ட்ரெய்லரால் வரும் பொறுப்பை ஏற்கிறது. சுவரில் மோதியபோது அது கழன்றுவிட்டதே? கழன்றது காரைச் சாலையில் ஓட்டியதன் தொடர்ச்சிதான். சட்டம் கேட்பது, இழப்பு காரின் பயன்பாட்டால் வந்ததா என்பதை. வந்தது. ஆகவே பணம் உண்டு. ஆனால் வீட்டு வாசலில் கழற்றி நிறுத்திய ட்ரெய்லர் சரிவில் தானாக உருண்டு பக்கத்து வீட்டுக் காரை இடித்தால் இந்த வாதம் எடுபடாமல் போகலாம். வீட்டு இன்சூரன்ஸின் பொறுப்புப் பகுதியையோ ட்ரெய்லருக்கென்று எடுத்த பாலிசியையோதான் தேட வேண்டும்.

சொந்த நிலத்தில் ட்ரெய்லர் செய்யும் சேதம் ஐரோப்பாவையே ஒரு சுற்றுச் சுற்றிய கதை. 2007-இல் ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணை முற்றத்தில் வைக்கோல் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னோக்கி வந்த டிராக்டரின் ட்ரெய்லர் ஏணியில் பட்டு, அதன் மேல் நின்றவர் விழுந்தார். கட்டாய இன்சூரன்ஸ் இதற்கும் பொருந்தும், சாலையாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2014 செப்டம்பர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2022-இல், கிரேட் பிரிட்டன் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தீர்ப்பின் விளைவை நீக்கிக்கொண்டது. ஜெர்மனியில் வேறு மாதிரி. அங்கே ட்ரெய்லர்களுக்குத் தனிப் பொறுப்புக் காப்பீடு உண்டு. இழுக்கும் வண்டியின் கம்பெனியும் ட்ரெய்லரின் கம்பெனியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும் என்று 2010-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-இல் சட்டத்தைத் திருத்தி, பொதுவாக இழுக்கும் வண்டியே ஏற்கட்டும் என்று ஆக்கினார்கள். அக்கரைக்கு ட்ரெய்லரோடு போகிறவர்கள் தங்கள் பாலிசி அங்கே எவ்வளவு தூரம் நீள்கிறது என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கழன்ற ட்ரெய்லர் சுவரில் நின்றதை அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். 2014 ஜனவரியில் பிரிஸ்டலில் வண்டியிலிருந்து கழன்ற ட்ரெய்லர் ஒன்று நடைபாதையில் ஏறி மூன்று வயதுச் சிறுவனைக் கொன்றது. கொக்கி பந்தின் மேல் சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது: மாட்டிய பிறகு ட்ரெய்லரின் முன்சக்கரத் தாங்கியைச் சுழற்றி மூக்கைத் தூக்கினால், காரின் பின்பக்கமும் சேர்ந்து எழ வேண்டும்.

சொந்தக் கார், ட்ரெய்லர், சாமான்

சொந்தக் காருக்கு ரிப்பேர் மதிப்பீடு 4,300 பவுண்ட். டோபாரைச் சொல்லாததால் இது குறையவில்லை என்று பார்த்தோம். ஆனால் பாலிசியின் பொது விலக்குகளில் ஒரு வரி: சட்டமோ தயாரிப்பாளரோ அனுமதித்த எடைக்கு மேல் இழுக்கும்போது ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை. வாடிக்கையாளர் 2015-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைக் காட்டி முறையிட்டார். யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நடந்த இழப்புக்கான ஆபத்தைக் கூட்டியிருக்கவே முடியாத ஒரு நிபந்தனை மீறலைக் காரணம் காட்டிக் கம்பெனி தப்ப முடியாது என்பது அந்தப் பிரிவின் சாரம். நல்ல பிரிவுதான், சரியான கோப்பில். டோபார் நம்பர் பிளேட்டை மறைத்தது என்பது மட்டுமே மீறல் என்றால் அது இவரைக் காப்பாற்றியிருக்கும். கையேட்டு வரம்புக்கு மேல் 90 கிலோ, அதுவும் பிரேக் இல்லாமல், ஆட்டத்தையும் நிறுத்தும் தூரத்தையும் கூட்டியிருக்காது என்று வாதிட முடியவில்லை. கிளெய்ம் மறுக்கப்பட்டது. என்னைக் கேட்டால் கடுமையான முடிவு, ஆனால் தவறான முடிவு இல்லை. இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம் என்ற வரியோடுதான் மறுப்புக் கடிதம் போனது.

ட்ரெய்லர் 900 பவுண்ட் பெறும். கார் பாலிசி அதன் பொறுப்பை மட்டும் சுமக்கிறது, அதன் உடலை அல்ல. இது வழக்கமான வாசகம். எடை சரியாக இருந்திருந்தாலும் இந்தக் காசு கிடைத்திருக்காது. வருடத்துக்குச் சில பத்துப் பவுண்டில் ட்ரெய்லர் பாலிசி எடுக்கலாம் என்பது பலருக்கு விபத்துக்குப் பிறகே தெரிய வருகிறது. அதிலும் கொக்கிப் பூட்டு, சக்கரப் பூட்டு போடாமல் திருட்டுக்குப் பெரும்பாலும் கேட்க முடியாது.

ஃப்ரீசரும் மேசையும் மைத்துனருடையவை. கார் பாலிசியின் "தனிப்பட்ட உடைமைகள்" பகுதி காருக்குள் இருப்பதோடு நின்றுவிடுகிறது. அவருடைய வீட்டுச் சாமான் பாலிசியில் வீடு மாறும்போதான பாதுகாப்பு இருந்தது. ஆனால் தொழில்முறை நிறுவனம் ஏற்றி இறக்கினால் மட்டும்.

இன்னொரு கேள்வியும் கோப்பில் இருக்கிறது: "இதற்குப் பணம் வாங்கினீர்களா?" இல்லை, பெட்ரோல் காசு கூட வாங்கவில்லை என்பது பதில். நல்லது. வாரக் கடைசிகளில் கல்யாண வீடுகளுக்கு மேசை நாற்காலி, சமையல் பாத்திரம் ஏற்றிப் போய்க் காசு வாங்கும் நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசி அந்தப் பயணத்தைப் பயணமாகவே ஏற்காது.

கணக்கு இப்படி முடிந்தது. கம்பெனி கொடுத்தது, எதிர்க் காருக்கு 6,200, சுவருக்கு 1,150. வாடிக்கையாளரின் கையை விட்டுப் போனது, காருக்கு 4,300, ட்ரெய்லருக்கு 900, மைத்துனரின் சாமான், கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான நோ கிளெய்ம் சலுகை. மூன்றாம் தரப்புக்குக் கொடுத்ததை அவரிடமே திரும்பக் கேட்கும் உரிமை தனக்கு இருக்கலாம் என்று கம்பெனி கடிதத்தில் குறிப்பிட்டது, கேட்கவில்லை. அடுத்த புதுப்பித்தலில் அவர் டோபாரைச் சொன்னார். அதற்காகப் பிரீமியம் ஏறவில்லை, விபத்துக்காக ஏறியது.